பட்டறைக்கு ஒரு நிகழ்நிரல்
(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



கவிதைப் பயிலரங்கை நாம் 'பட்டறை' என்றே அழைக்கிறோம். கோவையில் அச்சொல்லுக்குப் பொருள் கூற வேண்டியதில்லை. லேத்துப் பட்டறைக்குள் நுழைந்தவர் கைகட்டி நிற்பதில்லை. நம் பட்டறைகளிலோ வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, பொன்னாடை என முற்பகல் கழிந்துவிடுகிறது. தொலைவூரிலிருந்து கவிதையோடு வந்த இளைஞர், உணவுக்குப்பின் இரண்டு நிமிடங்களில் அதனைப் படித்துவிட்டுப் பேருந்துக்கு விரைகிறார். கைதட்டல் கிடைக்கிறது, அவர் நாடி வந்த கருத்து கிடைப்பதில்லை.

1971இல் இந்நகரில் தோன்றிய வானம்பாடி இயக்கம் கூடிப் படித்தும் முரண்பட்டு விவாதித்தும் வளர்ந்தது. தன் இதழை விலையிலாக் கவிமடலாக வழங்கியது. 1973இல் 'வெளிச்சங்கள்' தொகுப்பைத் தந்தது. அக்கவிதைகளில் முழக்கம் மிகுதி என்ற விமர்சனமும் எழுந்தது. மிகையைச் செதுக்கிக் களையும் இடமன்றோ பட்டறை!

ஆகவே ஒரு திட்டத்தை முன்வைக்கிறேன். முப்பது பேர், அறுவர் கொண்ட ஐந்து குழுக்கள். தொடக்கவுரை பத்து நிமிடம். முதல் அமர்வில், பெயர் குறிக்காத கவிதைகளைப் பிறர் உரக்கப் படிக்க, எழுதியவர் வாய்திறவாது கேட்கட்டும். எண்ணியதற்கும் எழுதியதற்கும் உள்ள இடைவெளி அப்போது புலப்படும். கவிதைக்கு இருபது நிமிடமென இரண்டு மணி நேரம் போதும்.

இரண்டாம் அமர்வு சொல்லுக்குரியது. வேளாண்மை, நெசவு, வார்ப்படம், மேய்ச்சல், அடுக்களை எனக் குழுவுக்கொரு துறை. பண்ணையம், கொறங்காடு போன்ற சொற்களைத் திரட்டி, அவற்றுள் ஒன்றேனும் அமைய எழுதட்டும். ஆர். சண்முகசுந்தரம் 1942இல் 'நாகம்மாள்' புதினத்தில் இம்மண்ணின் பேச்சை இலக்கியமாக்கினார். பெருமாள்முருகன் 2000இல் கொங்கு வட்டாரச் சொல்லகராதி தந்தார். நம் கவிதைக்குள் அச்சொற்கள் இன்னும் தயங்கியே நுழைகின்றன.

மூன்றாம் அமர்வில் காலைக் கவிதையைத் திருத்தி, இரு வடிவங்களையும் அவைமுன் படிக்கட்டும். நெறியாளர் தீர்ப்புரைக்க வேண்டா. காலத்தைக் காப்பதும், கூச்சத்தால் ஒதுங்கியிருப்பவரைப் பேசவைப்பதும், நீளப் பேசுவோரை இன்முகத்தோடு நிறுத்துவதுமே அவர் பணி.

பத்தாண்டுகளில் எவரெவர் மேடையேறினர் என்பதற்கு நம்மிடம் குறிப்பேடு உண்டு. எக்கவிதை எவ்வாறு திருந்தியது என்பதற்கு இல்லை. பதினோராம் ஆண்டில் அந்தக் குறிப்பேட்டைத் தொடங்குவோம்.