ஒரு மணி நேரம், நான்கு ஓவியங்கள்
(குறுவள மையக் கூட்டத்தில் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம், ஈரோடு பக்கத்துப் பள்ளிகள் கல்விச் சுற்றுலா என்றால் பெரும்பாலும் மைசூருக்குத்தான் போகின்றன. அரண்மனை, விலங்குக் காட்சிச் சாலை, சாமுண்டி மலை, மாலையில் பிருந்தாவனம். இந்தப் பட்டியலில் ஜகன்மோகன் அரண்மனை ஓவியக்கூடமும் சில சமயம் இடம்பெறும். ஆனால் வண்டி தாமதமானால் முதலில் அடிபடுவது அதுதான். போனாலும், ஒரு வாசலில் வரிசையாக நுழைந்து மறு வாசலில் வரிசையாக வெளியேறுவோம். "ஓடாதே, தொடாதே, பேசாதே" என்ற மூன்று சொற்கள் மட்டுமே குழந்தைகள் காதில் விழும்.

நம்மிடம் இருக்கும் நேரம் ஒரு மணிதான் என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கணக்கான படங்களையும் காட்ட முயன்றால் ஒன்றும் மனத்தில் நிற்காது. ஆகவே நான்கே நான்கைப் பார்ப்போம். அந்த நான்கையும் ஒரு பாடத்துக்குத் தயாரிப்பதுபோல நாம் முன்கூட்டியே தயாரித்துக்கொள்வோம். இன்று நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்.

கட்டடத்தைப் பற்றி

ஜகன்மோகன் அரண்மனை 1861இல் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் காலத்தில் கட்டப்பட்டது. 1897இல் அரச குடும்பத் திருமணத்தின்போது மரத்தாலான பழைய பெரிய அரண்மனை தீக்கிரையானது. 1912இல் புதிய அரண்மனை முடியும் வரை அரச குடும்பத்துக்கு இதுவே இருப்பிடம். நான்காம் கிருஷ்ணராஜர் 1902இல் முடிசூடியதும் இங்கேதான். 1915இல் இது ஓவியக்கூடமாக மாறியது. "மன்னர் மட்டும் பார்த்த படங்களை இன்று நாம் சீட்டு வாங்கிப் பார்க்கிறோம்" என்று ஏழாம் வகுப்புக் குழந்தையிடம் சொல்லிப் பாருங்கள். மக்களாட்சிப் பாடத்துக்கு அதைவிட எளிய எடுத்துக்காட்டு கிடைக்காது.

முதல் நிறுத்தம்: சுவர் ஓவியங்கள்

குழந்தைகள் சட்டமிட்ட படங்களைத் தேடி ஓடும் முன் சுவரைக் காட்டுங்கள். மைசூர் மரபு ஓவியர்கள் தசரா ஊர்வலத்தைச் சுவரில் தீட்டியிருக்கிறார்கள். உடையார் வம்சத்தின் பரம்பரையைத் தாமரை வடிவில் வரைந்த படமும் உண்டு.

இங்கே ஓர் ஒப்பீட்டுக்கு இடம் இருக்கிறது. மைசூர் ஓவியம், தஞ்சாவூர் ஓவியம் இரண்டிலும் பொன் தாள் உண்டு. தஞ்சாவூர் ஓவியத்தில் பொன் ஒட்டும் பகுதி நன்கு புடைத்து நிற்கும். கண்ணாடிக் கற்களும் பதிப்பார்கள். மைசூர் ஓவியத்தில் அந்தப் புடைப்பு மெல்லியது; கோடுகள் நுட்பமானவை. பயணத்துக்கு முன்பே ஒரு தஞ்சாவூர் ஓவியத்தை வகுப்பில் காட்டிவிட்டால், இங்குள்ள மரபு ஓவியங்களைப் பார்க்கும்போது வேறுபாட்டைக் குழந்தைகளே சொல்லிவிடுவார்கள். ஊர் திரும்பியதும் ஒவ்வொருவரும் தம் குடும்பத்தைத் தாமரை வடிவில் வரையலாம். அதில் அம்மா, பாட்டி பெயர்களும் வரட்டும்.

இரண்டாம் நிறுத்தம்: ரவி வர்மாவின் இசைக்கலைஞர் குழு

கிளிமானூரில் 1848இல் பிறந்த ராஜா ரவி வர்மா, 1889ஆம் ஆண்டையொட்டி வரைந்த எண்ணெய் வண்ண ஓவியம் இது. பதினொரு பெண்கள் ஒன்றாகக் கூடியிருக்கிறார்கள். ஒருத்தி வீணை மீட்டுகிறாள். மலையாள நாட்டு வெள்ளை உடை, இஸ்லாமியப் பெண்ணின் உடை, பார்சிப் பெண்ணின் சேலைக்கட்டு, பின்புறம் தொப்பியும் விசிறியுமாக ஓர் ஆங்கிலோ இந்தியப் பெண் என்று ஆளுக்கொரு விதமாக உடுத்தியிருக்கிறார்கள். இந்திய தேசியக் காங்கிரஸ் தோன்றியது 1885. 'நாம் ஒரு நாடு' என்ற எண்ணம் அரசியலில் அரும்பிய அதே காலத்தில் ஓர் ஓவியர் அதைத் துணியில் வண்ணமாக்கிப் பார்க்கிறார்.

குழந்தைகளிடம் முதலில் எண்ணச் சொல்லுங்கள். பதினொன்று வரும் வரை எண்ணட்டும். எண்ணும் கண் உற்றுப் பார்க்கத் தொடங்கிவிடும். பிறகு, யார் எந்தப் பகுதியைச் சேர்ந்தவர், எதை வைத்துச் சொல்கிறாய் என்று கேளுங்கள்.

எங்கள் பள்ளி மாணவி ஒருத்தி இந்தப் படத்தின் முன் நின்று கேட்டாள்: "சார், இதுல வேலைக்குப் போற அம்மா யாருமே இல்லையே?" அவளுடைய அம்மா செங்கல் சூளையில் வேலை செய்பவர். நகையும் பட்டும் அணிந்த பெண்களைக் கொண்டு வரைந்த இந்தியாவில் தன் வீட்டைத் தேடியிருக்கிறாள் அந்தக் குழந்தை. இந்தக் கேள்விக்கு நான் உடனே விளக்கம் சொல்லவில்லை. "வேறு யார் யார் இதில் இல்லை?" என்று மற்றவர்களையும் கேட்டேன். மீனவர், ஆடு மேய்ப்பவர், பள்ளிக்கூடப் பிள்ளை என்று பட்டியல் நீண்டது. ஒரு படத்தைப் பாராட்டவும் அதைக் கேள்வி கேட்கவும் ஒரே நேரத்தில் முடியும் என்பதை அன்று அவர்கள் கற்றார்கள்.

மூன்றாம் நிறுத்தம்: சடாயு வதம்

இதுவும் ரவி வர்மாவின் ஓவியம். வாழ்வின் இறுதிக் காலத்தில் மைசூர் மன்னருக்காக அவர் வரைந்த புராணப் படங்களில் ஒன்று. வானத்தில் இராவணன் வாளோங்கி நிற்கிறான். மறு கையில் சீதையைப் பற்றியிருக்கிறான். சிறகு வெட்டுண்ட சடாயு விழுகிறது. சீதை முகத்தை மூடிக்கொள்கிறாள்.

தமிழாசிரியர்களுக்கு இந்தப் படம் ஒரு புதையல். வான்மீகியில் இராவணன் சீதையைக் கையால் பற்றித் தூக்குகிறான். கம்பரோ அவனை அவளைத் தொடவிடவில்லை. அவள் இருந்த பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்து எடுத்துச் செல்வதாகப் பாடுகிறார். "இந்த ஓவியர் யாருடைய இராமாயணத்தைப் பின்பற்றுகிறார்?" என்று கேட்டால் ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் விடை கண்டுபிடிப்பார்கள். ஒரே கதையை இரு புலவர்கள் இரு விதமாகச் சொன்னார்கள், ஓவியர் ஒன்றைத் தேர்ந்தார் என்ற புரிதல் பாடநூலைக் கடந்தது.

ரவி வர்மாவைப் பற்றி நமக்கும் ஒரு செய்தி உண்டு. திருவிதாங்கூர் அரண்மனையில் அவர் இளைஞராக இருந்தபோது, எண்ணெய் வண்ணம் அறிந்த மதுரை ஓவியர் ராமசாமி நாயக்கர் அதைச் சொல்லித்தர முன்வரவில்லை என்றும், அவரிடம் பயின்ற ஆறுமுகம் பிள்ளை யாருக்கும் தெரியாமல் கற்பித்தார் என்றும் வாழ்க்கை வரலாற்று நூல்கள் கூறுகின்றன. பின்னர் தியடோர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் அரண்மனைக்கு வந்தபோது, அவர் வரைவதை அருகிலிருந்து பார்த்தே ரவி வர்மா பலவற்றைக் கற்றார். பார்ப்பதும் படிப்புதான் என்று நாம் சொல்வதற்கு இவரைவிடச் சிறந்த சான்று வேண்டுமா? 1894இல் மும்பையில் அவர் அச்சகம் தொடங்கி, தெய்வப் படங்களைக் கல்லச்சில் அச்சிட்டு விற்றார். நம் வீட்டுச் சுவர்களில் தொங்கும் நாட்காட்டிச் சரசுவதியும் இலக்குமியும் அந்த வழியில் வந்தவர்கள்தாம்.

நான்காம் நிறுத்தம்: விளக்கேந்திய பெண்

கடைசியாகப் பார்க்க வேண்டியது இது. ஒரு பெண் கையில் விளக்கோடு நிற்கிறாள். சுடர் அணையாதபடி மறு கையால் மறைக்கிறாள். விரல்களுக்கிடையே சிவந்த ஒளி கசிகிறது. அறையை இருட்டாக்கிப் பார்க்கும்போது விளக்கு உண்மையிலேயே எரிவதுபோல் தோன்றும். பிள்ளைகள் படத்துக்குப் பின்னால் மின்விளக்கு இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பார்கள்.

இது எண்ணெய் வண்ணம் அன்று, நீர்வண்ணம். நீர்வண்ணத்தில் ஒளியைப் பெரும்பாலும் பூசுவதில்லை. தாளின் வெண்மையை விட்டுவைப்பார்கள். சுற்றிலும் இருளை அடுக்கடுக்காக ஏற்றுவார்கள். கை தவறினால் எண்ணெய் வண்ணம்போல் மேலே பூசி மறைக்க முடியாது. சுற்றியிருக்கும் இருள்தான் சுடரைச் சுடராக்குகிறது. அறிவியல் ஆசிரியர் இங்கே ஒளி, நிழல் பாடத்தை எடுக்கலாம்: ஒளி எங்கிருந்து வருகிறது, முகத்தின் எந்தப் பக்கம் வெளிச்சம், சேலை மடிப்பில் எங்கே இருள்?

இணையத்திலும் அச்சுப் படங்களிலும் இதை ரவி வர்மா ஓவியம் என்றே பலர் போடுகிறார்கள். ரவி வர்மா 1906இல் மறைந்தார். இந்த ஓவியம் 1945-46இல் வரையப்பட்டது. வரைந்தவர் எஸ்.எல்.ஹல்தங்கர். மகாராஷ்டிரத்தின் சாவந்த்வாடியில் 1882இல் பிறந்தவர். படத்தில் இருப்பது அவருடைய மகள் கீதா. மாணவர்களைப் பெயர்ப் பலகையைப் படிக்கவைத்து, பின் இரண்டு ஆண்டுகளையும் கரும்பலகையில் எழுதிக் கழிக்கச் சொல்லுங்கள். எல்லாரும் பகிர்ந்த செய்தியும் பொய்யாக இருக்கலாம் என்பதைச் சின்னக் கழித்தல் கணக்கு காட்டிவிடும். கைப்பேசிக் காலத்துப் பிள்ளைகளுக்கு இந்தப் பயிற்சி மிகவும் தேவை.

நடைமுறைக்குச் சில

நாற்பது பேரை ஒரே படத்தின் முன் நிறுத்தாதீர்கள். பத்துப் பத்துப் பேராகப் பிரித்து, ஒவ்வொரு குழுவையும் வேறு வேறு படத்தில் தொடங்கச் செய்யுங்கள். விளக்கேந்திய பெண்ணைக் கடைசியில் எல்லாருக்கும் காட்டலாம். எந்த அறைகள் திறந்திருக்கின்றன, படம் பிடிக்க அனுமதி உண்டா என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே அரிசியில் வரைந்த ஓவியங்களும் பொம்மை வீரர்கள் இயங்கும் பழைய கடிகாரமும் உண்டு. பிள்ளைகள் அங்கே கட்டாயம் கூடுவார்கள். அதற்குப் பத்து நிமிடம் ஒதுக்கிவிடுங்கள், சண்டை வராது.

முதல் ஒரு நிமிடம் யாரும் பேசக் கூடாது, நாமும்தான். பிறகு மூன்று கேள்விகள்: என்ன தெரிகிறது? எதை வைத்துச் சொல்கிறாய்? இன்னும் என்ன தெரிகிறது? பெயர்ப் பலகையை அப்படியே குறிப்பேட்டில் எழுதும் வேலையைக் கொடுக்காதீர்கள். எழுதும் பிள்ளை படத்தைப் பார்ப்பதில்லை.

தனியார் பள்ளிப் பிள்ளைகள் பெற்றோரோடு வேறொரு விடுமுறையில் மீண்டும் போய்க்கொள்ளலாம். நம் பிள்ளைகளில் பலருக்கு நாம் கூட்டிச் செல்லும் அந்த ஒரு மணி நேரம்தான் வாழ்நாளில் ஓவியக்கூடத்துக்குள் கால் வைக்கும் முதல் வாய்ப்பு. "இது நமக்கான இடமில்லை" என்ற எண்ணத்தோடு அவர்கள் வெளியே வந்துவிட்டால், பிறகு எந்த அருங்காட்சியகத்தின் படியையும் ஏற மாட்டார்கள். நான்கு படங்களையாவது தம் கண்ணால் பார்த்து, தம் வாயால் பேசிவிட்டால், அடுத்த முறை தாமாகவே சீட்டு வாங்கிக்கொண்டு போவார்கள், ஒரு நாள் தம் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு.

ஆகவே இந்த ஆண்டுச் சுற்றுலாத் திட்டத்தை எழுதும்போது, அந்த ஒரு மணி நேரத்தை முதலில் எழுதிவிட்டு மற்றவற்றைப் பிறகு நிரப்புங்கள் என்று கேட்டு அமைகிறேன்.