மூடியைத் தொடாத போல்ட்

மாசி மகத்துக்கு மலாக்கா பொய்யாத விநாயகர் கோயிலிலிருந்து செங் சன்னாசிமலைக்கு ரதம் போகும்போது கூடவே ஜெனரேட்டர், ஒலிபெருக்கியெல்லாம் லாரியில் போவதைப் பார்த்திருப்பீர்கள். எல்லாரும் ஸ்பீக்கரைப் பற்றித்தான் பேசுவார்கள். நான் பேச வந்தது ஆம்ப்ளிஃபயர் பெட்டிக்குள் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரைப் பற்றி. 500 விஏ வட்ட டிரான்ஸ்ஃபார்மர் நாலு கிலோ கனக்கும். தோட்டத்துச் செம்மண் சாலையில் லாரி குலுங்கும்போது அத்தனை கனத்தையும் தாங்குவது நடுவில் இருக்கும் ஒரே ஒரு போல்ட்.

அந்த போல்டைத்தான் நான் முதலில் பார்ப்பேன். அடியில் ரப்பர், மேலே ரப்பர், அதன்மேல் குழித்தட்டு, பிறகு ஸ்பிரிங் வாஷர், நட். ரப்பர் லேசாக அமுங்கினால் போதும். இன்னும் முறுக்கினால் உள்ளிருக்கும் செம்புக் கம்பியின் பூச்சு நசுங்கும்.

இப்போது 44 மில்லிமீட்டர் உயர ஒல்லிப் பெட்டிகள்மேல் எல்லாருக்கும் ஆசை. எனக்கு அதில் உடன்பாடே இல்லை. ஜாசின் பக்கத்துத் தோட்டத்திலிருந்து அப்படி ஒன்று என் பட்டறைக்கு வந்தது. ஃபியூஸ் அடிக்கடி போகிறதென்று யாரோ அதில் செம்புக் கம்பியைச் சுற்றியிருந்தார்கள். மூடியைத் திருப்பினேன்: உள்பக்கம், போல்ட் முனை இருந்த இடத்தில், பெயின்ட் கருகி நீலம் பாரித்த ஒரு புள்ளி.

போல்ட் அடித்தகட்டைத் தொடும்; அது சரி. அதே போல்ட் மூடியையும் தொட்டால் போல்ட், மூடி, பக்கச்சுவர், அடித்தகடு எல்லாம் சேர்ந்து டிரான்ஸ்ஃபார்மருக்கு இன்னொரு சுற்று ஆகிவிடும். ஒரு சுற்றுக்கு ஒரு வோல்ட் அளவுதான் வரும். ஆனால் கெட்டி உலோகத்தில் தடை மிகக் குறைவாயிற்றே! மின்னோட்டம் நூற்றுக்கணக்கான ஆம்பியருக்கு எகிறலாம். ஃபியூஸ் சரியாக இருந்தால் அது போகும். கம்பி சுற்றியிருந்தால் டிரான்ஸ்ஃபார்மரே எரியும்.

மறுபடியும் சொல்கிறேன்: போல்ட் முனை மூடியைத் தொடக்கூடாது. மூடிய பெட்டியில் இடைவெளி இருந்தாலும் நம்பாதீர்கள். லாரியில் மேலே இன்னொரு பெட்டி ஏறினால் மூடி தாழும். ஒரு விரல் நுழையும் இடமாவது விடுங்கள். இல்லையென்றால் போல்டை அறுத்துவிடுங்கள்.

பழைய சதுர டிரான்ஸ்ஃபார்மருக்கு இந்தத் தொல்லை கிடையாது. அதற்கு நாலு போல்ட், இறுக்கினால் முடிந்தது.

இன்னொன்று: எர்த் கம்பிக்குத் தனி போல்ட் போடுங்கள், டிரான்ஸ்ஃபார்மர் போல்டில் மாட்டாதீர்கள். ரப்பர் தளர்ந்தால் எர்த்தும் தளரும். பெயின்டைச் சுரண்டி, பல் வாஷர் வையுங்கள். பிறகு பிளக்கின் எர்த் முள்ளுக்கும் பெட்டிக்கும் நடுவே மீட்டர் பிடியுங்கள். அரை ஓமுக்கு மேல் காட்டினால் அந்தப் பெட்டி லாரியில் ஏற வேண்டாம்.