துணையும் நிழலும்



நோய் புகுந்த வீட்டில் கொடுப்பவர் ஒருவர், பெறுபவர் மற்றொருவர் என்று நாம் எண்ணிவிடுகின்றோம். மருந்து தருபவரும் கஞ்சி காய்ச்சுபவரும் ஒருபுறம்; படுத்திருப்பவர் மறுபுறம். கணவன் மனைவியரிடையே இப்பிரிவினை முழு உண்மையன்று. படுத்திருப்பவரும் கொடுக்கின்றார். அது மிகச் சிறியதாதலின் நம் கண்ணில் படுவதில்லை. அதனைப் பற்றியே இன்று பேச விழைகின்றோம்.

தமிழகத்திற்கு அப்பால் வாழும் நம் போன்றோர்க்கு இது நெருங்கிய செய்தி. 1953-ஆம் ஆண்டு அக்டோபர் 1-ஆம் நாள் ஆந்திர மாநிலம் அமைந்தபோது சித்தூர் மாவட்டம் அதனுடன் இணைந்தது. சித்தூரிலும் திருப்பதியிலும் தமிழ்க் குடும்பங்கள் தொடர்ந்து வாழ்கின்றன. பிழைப்பை நாடிப் பின்னர் வந்தோரும் உளர். சுற்றத்தார் தொலைவில் இருக்கையில் நோய் வந்தால், கணவனுக்கு மனைவியும் மனைவிக்குக் கணவனுமே எல்லா உறவும் ஆகின்றனர். இவ்வுறவைத் தெலுங்கு மக்கள் 'தோடு நீட' என்பர். துணையும் நிழலும் என்பது பொருள். துணை என்பது இருவர்க்கும் பொது. ஒருவர் நோயுற்றதனால், மற்றவர்க்குத் துணையாக இருக்கும் உரிமை அவரை விட்டு நீங்குவதில்லை.

நாம் அறிந்த தம்பதியர் ஒருவர் சித்தூரில் இருக்கின்றனர். கணவர்க்குச் சிறுநீரகம் செயலிழந்தது. இரத்தச் சுத்திகரிப்புக்காக வாரம் இருமுறை, ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவிலுள்ள திருப்பதிக்குச் செல்வர். சிகிச்சை ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். அவர் பருகும் நீருக்கு அளவுண்டு. தாகம் எடுத்தாலும் நாவை நனைத்துக்கொள்ளலாம், அவ்வளவே. அவரோ புறப்படும் நாள்தோறும் சீரகம் போட்டுக் காய்ச்சி ஆற்றிய நீரை மனைவியின் குப்பியில் நிரப்பி, பையில் வைப்பார். ஊசி ஏற்றும் கைக்குக் கேடு வருமோ என்றஞ்சிய அம்மையார், "உங்களுக்கு எதற்கு இந்தச் சிரமம்?" என்று பலமுறை தடுத்தார். "மற்றக் கை சும்மாதானே இருக்கிறது" என்றார் அவர். பிறகு அம்மையார் தடுக்கவில்லை. அந்நீரை வழியில் பருகிவிட்டு, வெறுங்குப்பியை அவரிடமே கொடுப்பார்.

இவ்வாறு அருகிருந்து கொடுக்கவும் பெறவும் எல்லாக் காலத்திலும் இயலவில்லை. மதனப்பள்ளியை அடுத்த ஆரோக்கியவரத்தில், அன்றைய சித்தூர் மாவட்டத்தில், 1915 முதல் காசநோய்ச் சானட்டோரியம் நடந்து வந்தது. தக்க மருந்துகள் தோன்றாத அந்நாளில் காசநோயாளிகள் மாதக்கணக்கில் இல்லத்தாரைப் பிரிந்திருக்க நேர்ந்தது. முறையாக மருந்து உண்டால் வீட்டிலிருந்தும் சானட்டோரியத்திற்கு ஒப்பான பலன் பெறலாம் என்பதைச் சென்னையில் நடந்த ஆய்வொன்று 1959-இல் உலகிற்கு அறிவித்தது. நோயாளி வீட்டிலேயே இருக்கும் வழி அதனால் திறந்தது.

கணித மேதை இராமானுஜன் 1919-இல் இங்கிலாந்திலிருந்து நோயுடன் திரும்பினார்; 1920 ஏப்ரல் 26-ஆம் நாள் சென்னையில் மறைந்தார். அவ்வோராண்டில் உணவும் மோரும் வேளை தவறாது கொடுத்ததையும், வலித்தபோது ஒத்தடம் இட்டதையும் தம் நற்பேறு என்றே ஜானகி அம்மாள் முதுமையில் நினைவுகூர்ந்தார். அதற்கென வெந்நீர் காய்ச்சிய இரு பாத்திரங்களை அவர் அப்போதும் வைத்திருந்தார். வலிக்கிறது என்று கணவர் சொன்னதும், மனைவியின் கையை ஏற்றுக்கொண்டதும் ஒருவகைக் கொடையே அன்றோ? அக்கொடையை நினைவூட்டும் சாட்சியாக இரு பாத்திரங்கள் போதுமாயிருந்தன.

நோயுற்றவர் எல்லா நாளும் இனியவராய் இருப்பதில்லை. வலியில் கடுஞ்சொல் வரும். சில நாள் ஒரு சொல்லும் வாராது. பணிவிடை செய்வோர்க்கும் அலுப்பு மிகும். ஆகவேதான், எப்போதோ வரும் "நீ சாப்பிட்டாயா?" என்னும் கேள்வியை அவசரத்தில் தள்ளிவிடலாகாது, நின்று விடை சொல்ல வேண்டும். மருத்துவர் விலக்காத சிறு வேலை எதையேனும், கீரை ஆய்வதையோ துணி மடிப்பதையோ, அவர் செய்ய முன்வந்தால் செய்ய விடுவோம். மடிப்புக் கோணலாயிருப்பினும் அவர் காண மீண்டும் மடிக்க வேண்டா. "நீங்கள் சும்மா இருங்கள்" என்று அன்பினால் சொல்வதும், அவரை நோயாளியாக மட்டும் ஆக்கிவிடக் கூடும். அவர் இன்னும் நம் துணைவர். அவர் தருவதை இரு கையாலும் வாங்கிக்கொள்வோம்.