வந்து போன காய்ச்சல் மறுபடியும் வருவதேன்?



"போன வருஷந்தான் இந்தச் சளிக்காய்ச்சலில் வீடே படுத்துக் கிடந்தது. மறுபடியும் வந்துவிட்டதே!" கோலசிலாங்கூர், புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா வட்டாரத்துத் தோட்ட வீடுகளில் நாம் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. "தட்டம்மை ஒரு தடவை வந்தால் போய்விடுகிறது. இது மட்டும் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?" என்று பாட்டிமார் கேட்பதும் உண்டு. நியாயமான கேள்விதான். இதற்கு விடை தெரிந்துகொண்டால், தடுக்கும் வழியும் விளங்கிவிடும்.

தட்டம்மைக் கிருமி தன் வடிவத்தை அதிகம் மாற்றிக்கொள்வதில்லை. ஒருமுறை அதனோடு போராடிய உடல், அதன் முகத்தை ஆயுள் முழுதும் நினைவில் வைத்திருக்கும். இன்புளூயன்சா என்னும் சளிக்காய்ச்சல் கிருமியோ, தன் மேல்தோலில் உள்ள முட்களைச் சிறிது சிறிதாக மாற்றிக்கொண்டே இருக்கும். சட்டையை மாற்றிக்கொண்டு வரும் திருடனைக் காவல்காரன் அடையாளம் காணாமல் விட்டுவிடுவதில்லையா? அப்படித்தான் நம் உடலும் ஏமாறுகிறது. போதாக்குறைக்கு, நாம் பெற்ற எதிர்ப்புச் சக்தியும் மாதங்கள் செல்லச் செல்லக் குறைகிறது.

சில வேளைகளில் இக்கிருமி அடியோடு மாறிவிடும். அப்பொழுதுதான் பெருந்தொற்று உண்டாகிறது. 1918ஆம் ஆண்டில் உலகையே உலுக்கிய அந்தக் காய்ச்சல் மலாயாவுக்கும் வந்தது. நெருக்கமான லயங்களில் வாழ்ந்த நம் தோட்டப் பாட்டாளிகள் ஏராளமானோர் மாண்டனர். அது எந்தக் கிருமி என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. மனிதரைத் தாக்கும் இன்புளூயன்சா கிருமியை அறிஞர்கள் பிரித்துக் கண்டதே 1933இல்தான். பின்னர் 1957இல், மலாயா சுதந்திரம் பெறுவதற்குச் சில மாதங்களுக்கு முன்பு, இன்னொரு புதிய வகை வந்தது. 1968இலும் 2009இலும் வேறு வகைகள் வந்தன.

அந்த லயங்கள் இன்று பல இடங்களில் இல்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பலர் பட்டணத்து அடுக்குமாடிகளுக்குக் குடிபோய்விட்டனர். ஆனால், ஒரே அறையில் மூன்று தலைமுறை படுத்துறங்கும் நிலை பல வீடுகளில் இன்னும் இருக்கிறது. 2025 அக்டோபரில் நாட்டில் பல பள்ளிகளில் இக்காய்ச்சல் பரவி, சில பள்ளிகள் மூடப்பட்டதை நாம் மறக்கவில்லை. பள்ளியிலிருந்து பேரன் கொண்டுவரும் கிருமி, பாட்டியிடமும் தொட்டிலில் கிடக்கும் குழந்தையிடமும் போய்ச் சேருகிறது. பேரன் நான்கு நாளில் எழுந்து விளையாடுவான். நீரிழிவோ, இருதய நோயோ, ஆஸ்துமாவோ உள்ள பாட்டிக்கு அதுவே நிமோனியாவாக முற்றலாம். நம்மவரிடையே நீரிழிவு மிகுதி என்பதால், நாம் கூடுதலாக எச்சரிக்கை கொள்ள வேண்டும்.

தடுப்பதற்கு என்ன செய்யலாம்?

முதலாவது, தடுப்பூசி. கிருமி மாறுவதால் ஊசி மருந்தையும் அதற்கேற்ப மாற்றுகிறார்கள். ஆகவே, "போன வருஷம் போட்டாயிற்று" என்று இருந்துவிடாமல் ஆண்டுதோறும் போட வேண்டும். போட்டுச் சுமார் இரண்டு வாரம் ஆனபின்தான் அது பலன் தரும். ஊசி போட்டவருக்கும் காய்ச்சல் வரக்கூடும். ஆனால் கடுமையாக வரும் வாய்ப்பு குறைவு. ஆறு மாதம் நிறையாத குழந்தைக்கு இந்த ஊசி போட முடியாது. தாய் கர்ப்பமாக இருக்கும்போது போட்டுக்கொண்டால், பிறக்கும் குழந்தைக்கும் அது காவலாகும். அருகிலுள்ள அரசாங்கச் சுகாதார நிலையத்தில் விவரம் கேளுங்கள்.

இரண்டாவது, காய்ச்சல் கண்டவர் வேலைக்கோ பள்ளிக்கோ போகாமல் வீட்டில் இருக்கட்டும். காய்ச்சல் தெரிவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே கிருமி பரவத் தொடங்கி, ஏறக்குறைய ஒரு வாரம் வரை பரவும். அந்த நாட்களில் அவர் முகக்கவசம் அணியட்டும். பாட்டியிடமிருந்தும் குழந்தையிடமிருந்தும் தள்ளிப் படுக்கட்டும். சன்னல்களைத் திறந்து வையுங்கள். குழந்தையைத் தூக்குமுன் சவர்க்காரம் போட்டுக் கைகளைக் கழுவுங்கள்.

மூன்றாவது, கடையில் மிச்சமான ஆண்டிபயாட்டிக் மாத்திரைகளை விழுங்காதீர்கள். அவை இக்கிருமியைக் கொல்லா. குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது.

குழந்தை வேகமாக மூச்சுவிட்டால், விலா உள்வாங்கினால், பால் குடிக்க மறுத்தால், உதடு நீலம் பாரித்தால், விடியட்டும் என்று காத்திராதீர்கள். முதியவர் மூச்சுத் திணறினாலோ, மயங்கிப் பிதற்றினாலோ அப்படித்தான். உடனே தஞ்சோங் காராங் மருத்துவமனைக்கோ, அருகிலுள்ள வேறு மருத்துவமனைக்கோ கொண்டு செல்லுங்கள்.

1918இல் நம் முன்னோருக்குத் தடுப்பூசி இல்லை. நோயின் காரணமும் தெரியாது. நமக்கு இரண்டும் உண்டு. வந்து போன காய்ச்சல்தானே என்று அலட்சியம் செய்யாமல், இந்த வாரமே வீட்டிலுள்ள பாட்டியையும் கர்ப்பிணியையும் சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் செல்வோம்.