விளக்கு சொன்ன பெயர்



மோட்டார் வண்டியைப் பற்றிப் பேச எனக்கு உள்ள தகுதி ஒன்றே ஒன்றுதான். என் வண்டியை நானே பழுது பார்த்து, நானே கெடுத்திருக்கிறேன். மற்றபடி நான் இயந்திர வல்லுநன் அல்லேன். அம்பத்தூரில் குடியிருக்கும் பௌதிக ஆசிரியன். முப்பது ஆண்டுகள் ஓம் விதியைக் கரும்பலகையில் எழுதிவிட்டு இப்பொழுது ஓய்வு பெற்றிருப்பவன். அந்த விதி என் வீட்டு வாசலிலேயே வந்து நின்றபோது அதை நான் அடையாளம் கண்டுகொள்ளவில்லை. அந்தக் கதையைத்தான் இன்று உங்களுக்குச் சொல்ல வந்தேன்.

2023-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் கொட்டிய மழை உங்களுக்கு நினைவிருக்கும். அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்குள் வெள்ளம் புகுந்தது. எங்கள் தெருவிலும் நீர் நின்றது. என் வண்டியின் உள்ளே நீர் ஏறவில்லை எனினும், பல நாள் ஓட்டாமல் நின்றதில் பாட்டரி உயிரிழந்தது. புதிய பாட்டரி ஒன்று வாங்கி வந்து நானே மாட்டினேன். அப்பொழுது, பாட்டரியின் எர்த்துக் கம்பி வண்டியின் உடலோடு திருகப்பட்டிருந்த இடம் துருப்பிடித்திருப்பதைக் கண்டேன். கண்டபின் கை சும்மா இருக்குமா? கம்பியைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, துரு தடுக்கும் வர்ணத்தை இரண்டு பூச்சுப் பூசி, நன்றாகக் காயவிட்டு, அந்த வர்ணத்தின் மேலேயே கம்பியை வைத்து இறுகத் திருகினேன். வேலை அழகாக இருந்தது. அடுத்த வீட்டுக்காரரும் பாராட்டினார்.

இரண்டு நாள் கழித்துப் பேத்தியைப் பின் இருக்கையில் அமர்த்திக்கொண்டு, திருவேற்காடு வழியாகப் பூந்தமல்லிக்குச் சென்றேன். அங்கே ஒரு குறுகிய திருப்பத்தில் வண்டியை மெல்லத் திருப்பியபொழுது, பாதித் திருப்பத்தில் ஸ்டீரிங் சக்கரம் திடீரெனக் கல்லாய்க் கனத்துவிட்டது. எதிரே ஒரு தண்ணீர் லாரி. இரு கைகளாலும் இழுத்து வண்டியை ஓரங்கட்டினேன். கண்முன்னே மஞ்சள் நிறத்தில் ஸ்டீரிங் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ‘ஏன் தாத்தா நின்றுவிட்டோம்?’ என்றாள் குழந்தை. எனக்கு வாய் வரவில்லை.

இந்த ஸ்டீரிங் எவ்வாறு வேலை செய்கிறது என்பதைச் சற்றே பார்ப்போம். 1926-இல் பிரான்சிஸ் டேவிஸ் என்னும் அமெரிக்கப் பொறியாளர், எண்ணெயின் அழுத்தத்தைக் கொண்டு சக்கரம் திருப்ப உதவும் அமைப்பை ஒரு வண்டியில் பொருத்திக் காட்டினார். 1951-இல் கிரைஸ்லர் கம்பெனியார் அத்தகைய அமைப்பை விற்பனை வண்டியில் கொண்டுவந்தனர். எண்ணெய்க்குப் பதிலாக மின்சார மோட்டாரே உதவும் முறை 1988-இல் ஜப்பானில் சுசூகி செர்வோ என்னும் சிறு வண்டியில் வந்தது. பூந்தமல்லியைக் கடந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் சென்றால் வருகிறதே இருங்காட்டுக்கோட்டை, அங்குள்ள தொழிற்சாலை 2007-இல் வெளியிட்ட ஐ10 வண்டியிலும் இம்முறைதான். இன்று சிறு வண்டிகளில் பெரும்பாலும் இதுவே.

நாம் சக்கரத்தைத் திருப்பும்பொழுது, தண்டின் நடுவே உள்ள மெல்லிய எஃகுக் கம்பி ஒன்று சில பாகை அளவு முறுக்கிக்கொள்கிறது. நம் கை எவ்வளவு பாடுபடுகிறது என்பதற்கு அந்த முறுக்கே அளவு. அதை அளப்பதுதான் முறுக்குவிசைச் சென்ஸர். பல வண்டிகளில் அது இரண்டு செய்திகளை அனுப்புகிறது. சக்கரம் நேராக இருக்கையில் இரண்டும் ஏறக்குறைய 2.5 வோல்ட், திருப்பினால் ஒன்று ஏற, மற்றது அதே அளவு இறங்கும். கூட்டினால் எப்பொழுதும் 5 வோல்ட். கூட்டுத்தொகை பிசகினாலோ, மின்சாரம் போதாமற் போனாலோ, வண்டியின் கணிப்பொறி தவறான பக்கம் திருப்பிவிடுவதைவிட உதவாமல் இருப்பதே மேல் என்று மோட்டாரை நிறுத்திவிடுகிறது. சக்கரத்துக்கும் டயருக்கும் உள்ள இரும்புத் தொடர்பு அப்படியே இருக்கும். நம் கை வலிமை ஒன்றே மிஞ்சும். அன்று பூந்தமல்லியில் எனக்கு நேர்ந்தது அதுதான்.

வீடு வந்ததும், வண்டியின் குறைகளைப் படித்துச் சொல்லும் சிறு கருவி ஒன்றை மலிவாக வாங்கிச் செருகினேன். அது ஒரே வரி காட்டிற்று: முறுக்குவிசைச் சென்ஸரில் கோளாறு. அச்சென்ஸர் தனியே கிடைப்பதில்லை. ஸ்டீரிங் தண்டோடு சேர்த்தே வாங்கவேண்டும் என்றார்கள். விலையோ என் ஓய்வூதியத்தில் இரண்டு மாதத்தை விழுங்குவது. எர்த்துக் கம்பியையும் நான் சோதிக்காமல் இல்லை. மல்ட்டிமீட்டரில் தொடர்பு பார்க்கும் இடத்தில் வைத்தேன். ‘பீப்’ என்று ஒலித்தது. தொடர்பு உண்டு என்று திருப்தியடைந்து, தண்டுக்குச் சொல்லி அனுப்பினேன்.

தண்டு வந்து சேருவதற்குள் ஆவடியில் ஒரு வண்டி மின்பழுது பார்ப்பவரிடம் காட்டும்படி நண்பர் ஒருவர் வற்புறுத்தினார். 1961-இல் கனரக வாகனத் தொழிற்சாலை தோன்றி, 1965-இல் விஜயந்தா டாங்கியை வெளியிட்ட ஊர் அது; தெருவுக்கு ஒருவராவது ஸ்பானர் பிடித்தவர் இருப்பார். இவர் அம்பத்தூர் அரசினர் தொழிற்பயிற்சி நிலையத்தில் படித்தவர். வண்டியைத் தொடுமுன் அவர் கேட்ட கேள்வி இதுதான்: ‘சார், கடைசியா இந்த வண்டியிலே எதிலே கை வெச்சீங்க?’

இந்தக் கேள்விக்குரிய பதில் வேறாக இருந்திருந்தால் அவர் தேடும் இடமும் வேறாக இருந்திருக்கும். சக்கரத்தைக் கழற்றினேன் என்றிருந்தால், அதன் அடியில் சுருளாக உள்ள மெல்லிய பட்டைக் கம்பியை முதலில் பார்த்திருப்பார். அளவுக்கு மேல் சுற்றினால் அது அறுந்துவிடும். (காற்றுப்பை உள்ள சக்கரத்தை வீட்டில் கழற்றவே கூடாது. தவறி வெடித்தால் முகம் மிஞ்சாது.) பாட்டரியைக் கழற்றி மாட்டியது மட்டுமே என்றால், சில வண்டிகளில் சக்கரத்தின் கோணத்தை அளக்கும் சென்ஸர் தன் நடு இடத்தை மறந்திருக்கும், இடக் கோடியிலிருந்து வலக் கோடிவரை ஒருமுறை திருப்பினால் விளக்கு தானே அணையும். நான் சொன்ன பதிலில் வர்ணம் இருந்தது. அவர் சிரிக்கவில்லை; மீட்டரை எடுத்தார்.

அவருடைய கருவி இரண்டு வரிகளைக் காட்டிற்று. முதல் வரி, மின்னழுத்தம் குறைவு, அடுத்ததுதான் சென்ஸர். என் மலிவுக் கருவி இரண்டாம் வரியை மட்டுமே படித்திருந்தது. சென்ஸர் குற்றவாளி அன்று. குற்றத்தைக் கண்டு கூவிய சாட்சி.

பிறகு அவர் செய்த சோதனையைக் கவனியுங்கள். இயந்திரம் ஓடுகையில் மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் எதிர்மின் முளையிலும், மற்றதை வண்டி உடலின் வெறும் இரும்பிலும் வைத்தார். இரண்டும் கம்பியால் இணைந்தவை. இடையே அழுத்த வேறுபாடு அனேகமாக இருக்கலாகாது. ஆனால் அரை வோல்ட்டுக்குச் சற்று மேல் காட்டிற்று. ‘இப்பத் திருப்புங்க சார்’ என்றார். நின்ற வண்டியில் சக்கரத்தைத் திருப்பினேன். முள் இல்லாத மீட்டர் அது. எண்கள் மளமளவென ஏறி 4 வோல்ட்டில் நின்றன. முன் விளக்குகளும் மங்கின. முன்பே அவை மங்கியதை நான் கண்டதுண்டு, பொருட்படுத்தவில்லை.

கரும்பலகையில் நான் எத்தனை முறை போட்ட கணக்கு! வர்ணத்தின் மேல் அமர்ந்த கம்பிக்குத் திருகாணியின் மரைகள் வழியாகவே சிறிது தொடர்பு இருந்தது. அதன் தடை 0.1 ஓம் என்று கொள்ளுங்கள். சக்கரத்தைத் திருப்பும்பொழுது மோட்டார் இழுப்பது 40 ஆம்பியர். இரண்டையும் பெருக்கினால் 4 வோல்ட். பாட்டரியில் இருந்த 13 வோல்ட்டில் ஸ்டீரிங்குக்குக் கிடைத்தது 9 தான். என் மீட்டர் ‘பீப்’ என்றது பொய்யன்று. மிகச் சிறிய மின்னோட்டத்தைச் செலுத்திப் பார்க்கும் அதற்கு 0.1 ஓம் ஒரு பொருட்டே அன்று. வண்டி தடையின்றிக் கிளம்பியதும் என்னை ஏமாற்றியது. ஸ்டார்ட்டருக்குரிய கம்பி தனியே கியர் பெட்டிக்குச் செல்கிறது. அதை நான் அழகுபடுத்தவில்லை.

அவர் கம்பியைக் கழற்றி, ஒரு ரூபாய் அளவு வட்டத்துக்கு என் வர்ணத்தைச் சுரண்டி, இரும்பு பளபளத்ததும் மீண்டும் திருகினார். இம்முறை எவ்வளவு திருப்பியும் மீட்டர் 0.1 வோல்ட்டை எட்டவில்லை. பதிவான கோளாறுகளை அழித்தார், விளக்கு அணைந்தது. நான் அங்கிருந்தே தொலைபேசியில் தண்டு வேண்டாம் என்று சொன்னேன்.

‘இனி துருப்பிடிக்காதா?’ என்று கேட்டேன். அவர் சிறிது வாஸலினை எடுத்துத் திருகாணியின் மேலும் சுற்றிலும் தடவினார். ‘பூசறதெல்லாம் முறுக்கினதுக்கு அப்புறம் சார்’ என்றார்.