ஜப்பானில் ஜாதித் தீர்ப்பு



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் நம் ஜில்லாவைப் பற்றியதல்ல. ஜப்பான் தேசத்தைப் பற்றியது. "ஜப்பானா! யந்திரத் தொழிலில் முன்னேறிய தேசமாயிற்றே, அங்கே ஜாதி ஏது?" என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். நான் காலேஜ் வாசலை மிதித்தவனல்ல. கையில் கிடைத்ததைப் படித்து விஷயம் தெரிந்து கொண்டவன். படித்த பிறகுதான் அங்கேயும் புராக்கு ஜனங்கள் என்று ஒரு கூட்டம் சேரியில் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த சங்கதி தெரிந்தது.

அவர்களுக்கும் மற்ற ஜப்பானியருக்கும் நிறத்தில் வித்தியாசமில்லை, பாஷையில் வித்தியாசமில்லை. பாட்டன் மாட்டுத் தோல் உரித்தான், செத்த மிருகத்தை அப்புறப்படுத்தினான் என்பதுதான் அவர்கள் செய்த குற்றம். போர்வீரன் போட்டுக்கொண்ட கவசத்தில் தோல் இருந்தது, அது தீட்டாகவில்லை. தோலைப் பதம் செய்து கொடுத்தவன் மாத்திரம் தீட்டாகிப் போனான்! செத்த பிறகாவது விட்டார்களா? செத்தவனுக்குப் புத்த குருமார்கள் புதுப் பெயர் சூட்டுவது அங்கே வழக்கம். இந்த ஜனங்களுக்கு மிருகம் என்று அர்த்தப்படும் எழுத்தைச் சேர்த்துச் சில கோயில்களில் கல்லறைக் கல்லில் வெட்டினார்கள். புத்தர் பெயரைச் சொல்லிக் கொண்டே இதைச் செய்தார்கள் தோழர்களே!

1871-ல் சர்க்கார் ஓர் உத்தரவு போட்டு இந்த ஜாதிப் பட்டங்களையெல்லாம் ஒழித்தார்கள். ஒழிந்தது காகிதத்தில். (அதே 1871-ல்தான் இந்தியாவில் வெள்ளைக்காரன் குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டு வந்தான் என்பதையும் ஞாபகத்தில் வையுங்கள்.) 1922-ல் புராக்கு மக்கள் தாங்களே கூடி சுயிஹெய்ஷா என்ற சமத்துவச் சங்கம் கண்டார்கள். 1933-ல் டக்கமாட்சு கோர்ட்டில் இரண்டு புராக்கு வாலிபர்களுக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது. என்ன குற்றம் தெரியுமா? தன் ஜாதியைச் சொல்லாமல் ஒரு பெண்ணோடு குடும்பம் நடத்தப் போனது பெண்ணைக் கடத்தியதற்குச் சமானமாம்! சங்கத்தார் தேசம் பூராவும் கிளர்ச்சி செய்தார்கள். இந்தத் தீர்ப்பை ரத்துச் செய். இல்லாவிட்டால் 1871-ம் வருஷத்து உத்தரவை ரத்துச் செய் என்று சர்க்காரைக் கேட்டார்கள். எவ்வளவு நேர்மையான கேள்வி பாருங்கள்!

இனி விஷயத்துக்கு வருகிறேன். 1963 மே மாதம் 1-ந் தேதி டோக்கியோவுக்குப் பக்கத்தில் சயாமா என்ற ஊரில் ஹைஸ்கூல் மாணவி ஒருத்தி காணாமற் போனாள். இரண்டு லக்ஷம் யென் கேட்டு வீட்டுக்குக் கடுதாசி வந்தது. பணம் வாங்க வந்தவனைப் பிடிக்க நாற்பது போலீசார் ஒளிந்திருந்தார்கள். வந்தான், பேசினான், தப்பித்துப் போய்விட்டான்! மே 4-ந் தேதி அந்தப் பெண்ணின் பிணம் கிடைத்தது. ஊர் சிரித்தது, பத்திரிகைகள் திட்டின. மானம் போன போலீசார் எங்கே போய்த் தேடினார்கள்? புராக்கு சேரிக்குத்தான். நம் ஊரில் திருட்டுப் போனால் முதலில் எந்தத் தெருவுக்கு லத்தி போகிறது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மே 23-ந் தேதி இஷிகாவா கசுவோ என்ற 24 வயது வாலிபரைச் சில்லரைக் குற்றங்களுக்காகப் பிடித்தார்கள். ஜாமீனில் விட்ட கையோடு திரும்பவும் பிடித்தார்கள். ஒரு மாதம் விசாரணை. ஒப்புக் கொண்டால் பத்து வருஷத்தில் வெளியே வரலாம், இல்லாவிட்டால் உன் அண்ணனைப் பிடிப்போம் என்றார்களாம். குடும்பத்துக்குச் சோறு போட்டது அந்த அண்ணன்தான். தம்பி ஒப்புக்கொண்டார். 1964 மார்ச் 11-ந் தேதி மரண தண்டனை விதித்தார்கள். அப்பீல் கோர்ட்டில்தான் அவர் வாய் திறந்து நான் கொல்லவில்லை என்றார்.

சாட்சியத்தின் லக்ஷணத்தைக் கேளுங்கள். கடுதாசியில் சீன எழுத்துக்கள் தாராளமாக இருந்தன. இவரோ சிறு வயதிலேயே பள்ளியை விட்டுக் கூலிக்குப் போனவர். தப்பில்லாமல் ஒரு வரி எழுதத் தெரியாதவர். அப்படியானால் எப்படி எழுதினான்? ஒரு பத்திரிகையைப் பார்த்து எழுத்துப் பொறுக்கினான் என்று சொல்லிவிட்டார்கள்! பெண்ணின் பேனா கிடைத்த கதை இதைவிட வேடிக்கை. வீட்டை இரண்டு தடவை சல்லடை போட்டுச் சலித்தார்கள், அகப்படவில்லை. மூன்றாந் தடவை போனபோது சமையற்கட்டு வாசற்படியின் மேல் சட்டத்தில், நின்றவாக்கில் கை நீட்டினால் எட்டும் இடத்தில், பேனா உட்கார்ந்திருந்தது! அவள் எழுதிய மை வெளிர் நீலம். பேனாவில் இருந்தது கறுப்பு கலந்த நீலம். ஸ்வாமி சிலை பூமியிலிருந்து தானாக முளைத்தது என்று சொல்லுகிறவனிடம் நாம் என்ன கேட்போமோ, அதைத்தானே இந்த ஜட்ஜுகளிடமும் கேட்க வேண்டும்?

1974-ல் ஹைக்கோர்ட்டு மரண தண்டனையை ஆயுள் தண்டனையாக மாற்றியது. 1977-ல் சுப்ரீம் கோர்ட்டு ஊர்ஜிதம் செய்தது. ஆனால் அந்த மனிதர் ஜெயிலில் என்ன செய்தார் தெரியுமா? காவலர் ஒருவர் உதவியோடு எழுத்துப் படித்தார். தன்னைக் கொலைகாரனாக்கிய காகிதங்களைத் தானே வாசிக்கும் அளவுக்குப் படித்தார். ஊருக்கெல்லாம் கடிதம் எழுதினார். ராத்திரி விளக்கில் எழுத்துக் கூட்டிப் படித்த எனக்கு இந்த இடத்தில் நெஞ்சு அடைக்கிறது.

1994 டிசம்பரில் 31 வருஷத்துக்குப் பிறகு நிபந்தனையின்மேல் வெளியே விட்டார்கள். குற்றவாளிப் பட்டத்தை எடுக்கவில்லை. கைதான அன்றைக்கே அவர் கையால் எழுதிய காகிதம் சர்க்கார் வசமே இருந்தது. அது வெளியே வந்தது 2010-ல்! மூன்று தடவை மறு விசாரணை கேட்டு மனுப் போட்டார். மனு மனுவாகத்தான் இருந்தது. அவர் உயிரோடிருந்த வரை ஒரு நிபுணரையாவது கோர்ட்டார் அழைத்துக் கேட்கவில்லை. 2025 மார்ச் 11-ந் தேதி, தன் 86-ம் வயதில், அவர் இறந்து போனார். மரண தண்டனை சொல்லி அன்றோடு 61 வருஷம். அடுத்த மாதமே அவர் மனைவி நான்காவது மனுவைப் போட்டார்.

செத்தவனுக்கு விடுதலை எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். கல்லறையில் மிருகம் என்று வெட்டியதை அழிக்க வேண்டுமென்றால் இதையும் அழிக்கத்தானே வேண்டும்? சர்க்கார் வசமுள்ள எல்லாச் சாட்சியங்களையும் வெளியிட்டு, நிபுணர்களை விசாரிக்கும்படி கேட்கும் தீர்மானம் ஒன்று அக்கிராசனரிடம் கொடுத்திருக்கிறேன். அவர் வாசித்ததும் சம்மதமுள்ளவர்கள் மேஜைக்கு வந்து கையெழுத்துப் போடுங்கள். எழுதத் தெரியாதவர்கள் கைநாட்டு வைக்கலாம். மைப் பெட்டியும் வைத்திருக்கிறோம்.