ஹெட் போச்சுன்னு சொல்வதற்கு முன்னால்: அகல பிரிண்டர் வைத்திருப்போருக்குச் சில வார்த்தைகள்

(சுயதொழில் தொடங்குவோருக்கான பயிற்சி வகுப்பு ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



உங்களில் பலர் பேனர், ஸ்டிக்கர், கட்டட வரைபடம் அச்சடிக்கிற கடை வைத்திருப்பீர்கள். சிலர் கடனுக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருப்பீர்கள். நான் மெக்கானிக் கிடையாது. இதழியல் படித்துவிட்டு, செய்தித் துறையில் எழுதுகிற வேலை பார்க்கிறேன். ஆனால் கல்லூரி விடுமுறை முழுக்க என் மாமா கடையில் டிசைன் போட்டுத்தான் கழிந்தது. அங்கே பார்த்ததைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

ஒரு பள்ளி ஆண்டு விழா பேனர். பிள்ளைகளின் முகத்தில் எல்லாம் வெள்ளைக் கோடு விழுகிறது. மாமா கிளீனிங் பட்டனை அழுத்தினார். சரியாகவில்லை. மறுபடி, மறுபடி என்று ஒன்பது தடவை. மை தீர்ந்ததுதான் மிச்சம். டெக்னீஷியன் வந்தார், பத்து நிமிஷம் பார்த்தார், "ஹெட் போச்சு சார், மாத்தணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இயந்திரக் கடனே பாதிதான் அடைந்திருந்தது. அன்று ராத்திரி அத்தை தன் வளையலைக் கழற்றி மாமா முன்னால் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போனார்.

மறுநாள், இருபது வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிற பக்கத்து ஊர் அண்ணாச்சி வந்து பார்த்தார். "ஏம்ப்பா, கேப்பைப் பார்த்தியா?" என்றுதான் முதலில் கேட்டார். ஹெட் உட்காருகிற கேப்பின் ரப்பர் விளிம்பில் காய்ந்த மை கட்டி கட்டியாக இருந்தது. சுத்தம் செய்து, ராத்திரி முழுக்க ஊற வைத்தோம். காலையில் முக்கால்வாசி கோடு வந்தது, மூன்றாம் நாள் எல்லாம் வந்தது. பேனர் ஆர்டர் கைவிட்டுப் போனது உண்மை. ஆனால் வளையல் அடகுக்குப் போகவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருவோம். நம் ஊர் ஈகோ சால்வெண்ட் இயந்திரங்கள் பலவற்றில் இருக்கிற டிஎக்ஸ்5 ஹெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 8 வரிசை, வரிசைக்கு 180 என மொத்தம் 1,440 துளைகள். ஒவ்வொன்றும் தலைமுடியை விட மெல்லியது. காற்றுப் பட்டால் துளையின் வாயிலேயே மை காய்ந்துவிடும். அடைப்பு என்பது பெரும்பாலும் இவ்வளவுதான்.

முதல் வேலை, நாசில் செக் எடுங்கள். எடுத்ததும் கைப்பேசியில் படம் பிடித்து வையுங்கள், தேதி தானாகப் பதிவாகும். ஐந்து நிமிஷம் கழித்து இன்னொன்று எடுத்து, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

விடுபட்ட கோடு இரண்டிலும் ஒரே இடத்தில் இருந்தால், அங்கே மை காய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். ஒரு தடவை இங்கே, மறு தடவை அங்கே என்று இடம் மாறினால், மைக் குழாயில் காற்று புகுந்திருக்கலாம். செக் நன்றாக வந்து, பேனர் ஓட ஓட ஒரு நிறம் மட்டும் வெளுத்துக்கொண்டே போனால், ஹெட்டுக்கு மை போதுமான அளவு வரவில்லை என்று பொருள். டேம்பரையும் அதிலுள்ள வடிகட்டியையும் பாருங்கள். ஒரு நிறம் முழுசாக, திடீரென்று நின்றுபோனால் கேபிள், போர்டு பக்கமும் சந்தேகப்பட வேண்டும். நோய் தெரியாமல் மருந்து கொடுக்கக் கூடாது இல்லையா?

இரண்டாவது, கிளீனிங். இரண்டு அல்லது மூன்று தடவைக்கு மேல் தொடர்ந்து வேண்டாம். ஒவ்வொரு தடவைக்குப் பிறகும் நாசில் செக் எடுங்கள். கொஞ்சமாவது முன்னேற்றம் தெரிந்தால் சில மணி நேரம் விட்டுத் தொடருங்கள். மாற்றமே இல்லையா? நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் அழுத்தினால் மையும் வீண், கழிவு மைத் தொட்டியும் நிரம்பிவிடும்.

மூன்றாவது, எங்கள் கடையில் தவறவிட்ட இடம்: கேப், வைப்பர், பம்ப். கிளீனிங் செய்யும்போது பம்ப் உறிஞ்சுகிறது, ஹெட்டிலிருந்து மை வருகிறது. கேப் ஹெட்டோடு ஒட்டி உட்காராவிட்டால் பம்ப் வெறும் காற்றைத்தான் இழுக்கும். ஒன்பது தடவை அழுத்தினாலும் பலன் இருக்காது. அதனால் கைப்பேசி டார்ச் அடித்து ரப்பர் விளிம்பைப் பாருங்கள். நூல் பிரியாத ஃபோம் குச்சியை உங்கள் மைக்கு உரிய சொல்யூஷனில் நனைத்து, விளிம்பையும் வைப்பரையும் துடையுங்கள். பிறகு கேப்பில் சொல்யூஷன் ஊற்றி, கிளீனிங் கொடுத்துப் பாருங்கள். திரவம் அப்படியே நின்றால் பம்பிலோ அதன் குழாயிலோ கோளாறு. கேப்பும் பம்பும் ஹெட் விலையோடு ஒப்பிட்டால் சின்னச் செலவு.

நான்காவது, ஊற வைத்தல். கேப்பில் சொல்யூஷன் நிரப்பி, ஹெட்டை அதன் மேல் நிறுத்தி, சில மணி நேரமோ ஒரு ராத்திரியோ விடுங்கள். காய்ந்த மை இளக நேரம் வேண்டும். பொறுமைதான் இங்கே மருந்து.

செய்யவே கூடாதவையும் இருக்கின்றன. துளைகள் இருக்கிற தகட்டை ஊசியாலோ துணியாலோ தேய்க்காதீர்கள். சால்வெண்ட் மைக்குத் தண்ணீர், தண்ணீர் மைக்குத் தின்னர் என்று மாற்றி ஊற்றாதீர்கள், மை உள்ளேயே திரிந்துவிடும். சிரிஞ்சை வைத்து வேகமாக அழுத்தாதீர்கள். ஹெட்டின் கேபிள் முனையில் ஒரு சொட்டு ஈரம் பட்டு, அப்படியே மின்சாரம் கொடுத்தால், அடைபட்ட ஹெட் எரிந்த ஹெட் ஆகிவிடும். கழிவு மையைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள், தனி டப்பாவில் சேர்த்து வையுங்கள்.

அடைப்பு வராமல் இருக்க என்ன வழி? தினமும் காலையில் ஒரு நாசில் செக். வேலை இல்லாத நாளிலும் எல்லா நிறமும் வருகிற மாதிரி ஒரு சின்ன பிரிண்ட். இயந்திரத்தை அதன் சொந்தப் பட்டனில் அணையுங்கள், அப்போதுதான் ஹெட் கேப்பில் போய் உட்காரும். சுவர் ஸ்விட்சைத் தட்டிவிட்டுக் கதவைப் பூட்டினால் ஹெட் வெளியிலேயே நின்று காயும். கரண்ட் கட் ஆனாலும் இதே கதைதான், ஆகவே யுபிஎஸ் அவசியம். சித்திரை வைகாசி வெயிலில் மை இன்னும் சீக்கிரம் காயும். அறை ஈரப்பதம் 40 முதல் 60 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. அதைக் காட்டுகிற சின்ன மீட்டர் ஒன்றைச் சுவரில் மாட்டி வையுங்கள்.

இவ்வளவும் செய்து பார்த்து, சரியாகவில்லை என்றால் டெக்னீஷியனைக் கூப்பிடுங்கள். ஆனால் வெறும் கையோடு நிற்காதீர்கள். நாசில் செக் படங்களைத் தேதி வரிசையில் காட்டுங்கள். "கேப், பம்ப், டேம்பர் பார்த்தாச்சு. ஹெட்தான் என்று எதை வைத்துச் சொல்றீங்க? எழுதிக் கொடுங்க" என்று மரியாதையாகக் கேளுங்கள். மாற்றினால் பழைய ஹெட்டைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். பில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள்.

கடைசியாக, உங்களில் பலருக்குத் தெரியாத ஒன்று. "கடைக்கு வாங்கின மெஷின், நாம எங்கே நுகர்வோர்?" என்று மாமாவும் நினைத்திருந்தார். தப்பு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே ஒரு பொருளை வாங்கிப் பயன்படுத்துகிறவரையும் நுகர்வோராகவே பார்க்கிறது. வாரண்டியை மறுத்தாலும், சேவையில் குறை வைத்தாலும் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். அங்கே தீராவிட்டால், பிரச்சினை எழுந்த 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். நீங்கள் குடியிருக்கிற அல்லது தொழில் செய்கிற மாவட்டத்திலேயே மனு போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. இணையத்திலும் தாக்கல் செய்யலாம். அப்போது உங்களுக்குச் சாட்சி சொல்லப் போவது யார்? நீங்கள் கைப்பேசியில் எடுத்து வைத்த அந்தப் படங்களும் பில்லும்தான்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. வேறு நிறுவன மையை ஊற்றினால் வாரண்டி செல்லாது என்று ஒப்பந்தத்தில் போட்டிருக்கலாம். கையெழுத்துப் போடுவதற்கு முன்பே படித்துவிடுங்கள்.

மாமாவின் இயந்திரம் இன்றும் ஓடுகிறது. தினமும் காலையில் கடை திறந்ததும் அத்தைதான் நாசில் செக் எடுக்கிறார். கையில் அதே வளையல். நாளைக் காலை நீங்களும் ஒன்று எடுத்துப் பாருங்கள்.